ஆர்க் வெல்டிங் பழகத் தொடங்குவோருக்கு: ராடு பிடிப்பதிலிருந்து உடைத்துப் பார்ப்பது வரை

கரூரில் பஸ் பாடி கட்டும் கூடங்களிலும், நாமக்கல்லின் லாரிப் பட்டறைகளிலும், திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் உருவாகும் இடங்களிலும் பகல் முழுவதும் வெல்டிங் ராடு எரிந்துகொண்டே இருக்கிறது. அண்மைக் காலத்தில் தோட்டத்துச் சாளைகளிலும் (தோட்ட வீடுகளிலும்) ஒரு சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் இடம்பிடித்துவிட்டது. கட்டுத்தறிக்கு ஒரு தடுப்பு, தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு ஸ்டாண்டு, கழன்றுபோன கேட் கீல் என்று சில்லறை வேலைகளுக்கு ஆள் தேடி அலையாமல் தாங்களே செய்துகொள்ளலாம் என்று பலரும் வாங்குகிறார்கள். வாங்கிய முதல் வாரத்தில் எல்லோருக்கும் ஒரே அனுபவம்தான் கிடைக்கிறது. ராடு இரும்போடு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டாதபோது நெருப்பு தெறிக்கிறது. கசடைத் தட்டிப் பார்த்தால் இரும்பின்மேல் புழு ஊர்ந்ததுபோல ஒரு தடம் மட்டும் இருக்கிறது.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். பெருந்துறை சாலையில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியும் என் கை தேறவில்லை. ஒருநாள் மூத்த வெல்டர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "கண்ணு, வெளிச்சத்தையே பாத்துக்கிட்டிருந்தா வேலை வராது, பின்னால கொழம்பு எப்படி வருதுன்னு பாரு" என்றார். அன்றுவரை என் கண் ராடின் நுனியில் எரியும் ஒளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஒளிக்குப் பின்னால் உருகிக் கிடக்கும் இரும்புக் குழம்பைப் பார்க்கக் கண் பழகிய பிறகு, ஆம்பியர், சாய்வு, வேகம் என்று தனித்தனியே மனப்பாடம் செய்திருந்தவை அனைத்தும் ஒன்றோடொன்று சேர்ந்து விளங்கத் தொடங்கின. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் செல்கிறது.

மெஷினைப் போடுவதற்கு முன்

வெல்டிங் ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்பரப்பைச் சுட்டுவிடும். சுடும்போது தெரியாது, சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல எரியும். பக்கத்தில் நிற்பவர்களுக்கும் இதே கதி நேரும் என்பதால், குழந்தைகளை வேடிக்கை பார்க்க விடக் கூடாது. 80 ஆம்பியருக்குக் கீழே 9 அல்லது 10 எண் கறுப்புக் கண்ணாடியும், 100 ஆம்பியருக்கு மேலே 10 அல்லது 11 எண் கண்ணாடியும் பொருந்தும். கையில் பிடிக்கும் ஷீல்டைவிடத் தலையில் மாட்டும் ஹெல்மெட் புதியவர்களுக்கு மிகவும் உதவும். இரண்டு கையும் விடுதலையாக இருந்தால்தான் ஒரு கையால் மறு கையைத் தாங்கிப் பிடிக்க முடியும். உடம்புக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை வேண்டும். நைலான் கலந்த துணி தீப்பொறி பட்டவுடன் உருகித் தோலில் ஒட்டும்.

ராடு எரியாதபோது, அதைக் கடித்துப் பிடிக்கும் ஹோல்டரில் 50 முதல் 80 வோல்ட் வரை இருக்கிறது. உலர்ந்த உடம்புக்கு அது பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஆனால் சித்திரை வெயிலில் வேர்வையில் நனைந்து, ஈர மண்ணில் வெறுங்காலோடு நிற்பவருக்கு அதுவே ஆபத்தாகிவிடும். ஆகவே காலணியும் உலர்ந்த கையுறையும் கட்டாயம். சோளத்தட்டுப் போர், தேங்காய் மட்டைக் குவியல், கரும்புச் சோகை ஆகியவற்றின் அருகே ராடு பிடிக்க வேண்டாம். பொறி விழுந்து அரைமணி நேரம் கழித்தும் தீப்பிடிக்கும். டீசலோ பெட்ரோலோ இருந்த பீப்பாயை எத்தனை முறை கழுவியிருந்தாலும் தொட வேண்டாம்.

துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப்பை வெல்டிங் செய்யும்போது எழும் வெண்புகை, மாலையில் குளிர்காய்ச்சலைக் கொண்டுவரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். புகை நுரையீரலுக்குள் போகிறது, பால் வயிற்றுக்குள் போகிறது, அது தடுக்காது. இணைக்கும் இடத்தில் பூச்சைக் கிரைண்டரால் நீக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில், புகைக்குப் பக்கவாட்டில் தலையை வைத்துக்கொண்டு செய்வதே வழி.

டிராக்டரில் வேலை செய்வதானால் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். மெஷினின் மற்றொரு ஒயரின் முனையில் உள்ள எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு மிக அருகில், துருவும் பெயிண்டும் சுரண்டிய இரும்பில் கடிக்க வைக்க வேண்டும். தூரத்தில் எங்கோ மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும். ஆர்க், அதாவது ராடு நுனிக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்னொளி, சரியாக நிற்கவில்லை என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எர்த்தைப் பற்றித்தான். இரண்டாவதாகக் கேட்பது ஒயரைப் பற்றி. தோட்டத்தில் சாளையிலிருந்து கிணற்று மேடு வரை மெல்லிய ஒயரை இழுத்துப் போனால், வழியிலேயே வோல்டேஜ் குறைந்து, மெஷினில் 110 ஆம்பியர் என்று காட்டினாலும் ராடு நுனியில் அந்தச் சூடு வராது. நீண்ட ஒயராக இருந்தால் 4 சதுர மி.மீ. தாமிர ஒயர் போடுங்கள்; சுருட்டிய நிலையில் வைக்காமல் முழுவதும் பிரித்துவிடுங்கள்.

எந்த ராடு, எத்தனை ஆம்பியர்

பழகுவதற்கு 6013 ராடு போதும். முதல் இரண்டு எண்கள் பற்றின், அதாவது உருகி ஆறி இரும்பை இணைக்கும் வெல்டிங் கோட்டின், இழுவலிமையைக் குறிக்கின்றன: 60 என்றால் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு. அடுத்து வரும் 1, எல்லா நிலைகளிலும் பயன்படுத்தலாம் என்பதற்கான அடையாளம். கடைசி எண்கள் பூச்சின் வகையைச் சொல்கின்றன. இந்தப் பூச்சு வெறும் மேல்தோல் அன்று. எரியும்போது அது வாயுவாக மாறி உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கிறது. பின்பு கசடாக மேலே படிந்து மெதுவாக ஆறவிடுகிறது. ஏசி மெஷினில் மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்பும்போதும் ஆர்க் அணையாமல் தாங்குவது அந்தப் பூச்சில் உள்ள சேர்மங்களே. பூச்சு உதிர்ந்த ராடைக் காசு போகிறதே என்று பயன்படுத்தக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

கடையில் 12 நம்பர், 10 நம்பர், 8 நம்பர் என்று கேட்பது வழக்கம். அவை முறையே 2.5, 3.15, 4 மி.மீ. கம்பிகள். 2.5 மி.மீ. ராடுக்கு 60 முதல் 90 ஆம்பியரும், 3.15-க்கு 90 முதல் 130 வரையும், 4-க்கு 140 முதல் 180 வரையும் வைக்கலாம். பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருக்கும் அளவே முதல் ஆதாரம். பழக 3.15 மி.மீ. ராடும், 6 மி.மீ. தடிமன் உள்ள பழைய பிளேட்டும் ஏற்றவை. மெல்லிய தகட்டில் தொடங்குகிறவர்கள் ஓட்டை விழும் பயத்திலேயே ஆம்பியரைக் குறைத்து வைத்துக்கொண்டு, எதையும் கற்காமல் நாட்களைக் கழிக்கிறார்கள்.

7018 ராடு வலிமையானது, விரிசலை நன்கு தாங்குவது. ஆனால் அதன் பூச்சு காற்றின் ஈரத்தை உறிஞ்சினால் பயன் போய்விடும். அதை 300 டிகிரி செல்சியஸ் அளவில் அடுப்பில் காயவைத்த பிறகே பயன்படுத்த வேண்டும். வெயிலில் பரப்பிவைப்பது அதற்குப் போதாது. 6013 நனைந்திருந்தால் 100 டிகிரி அளவில் ஒரு மணி நேரம் காய்ந்தால் சரியாகும்.

டிசி மெஷினில் ஹோல்டரை எந்த முனையில் மாட்டுவது என்ற கேள்வியும் வரும். பிளஸ்ஸில் மாட்டினால் இரும்புக்குள் ஆழமாக இறங்கும். மைனஸில் மாட்டினால் இறக்கம் குறைவு, ராடு வேகமாகக் கரையும். தடித்த இரும்புக்கு முன்னதும் மெல்லிய டியூப்புக்குப் பின்னதும் பொருந்தும். 6013 இரண்டிலும் எரியும்.

ஆர்க் பிடித்தல்

பிளேட்டைக் கிரைண்டரால் வெள்ளி நிறம் வரும்வரை சுத்தம் செய்யுங்கள். பிறகு உட்கார்ந்தோ நின்றோ, முழங்கையை இடுப்பிலோ மேசையிலோ ஊன்றி, மெஷினைப் போடாமலே ராடின் நுனியைக் கோடு முழுவதும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நடுவில் கை எட்டாமலோ ஒயர் இழுத்தோ நின்றால், மெஷினைப் போட்ட பிறகும் அங்கேதான் நிற்கும். ஹோல்டர் ஒயரின் எடையைத் தோளில் போட்டுக்கொள்வது கையை வெகுவாக லேசாக்கும்.

தீக்குச்சியைப் பெட்டியில் உரசுவதுபோல நுனியை இரும்பில் உரசி, ஒளி வந்தவுடன் சிறிது தூக்கி, உடனே நெருக்கமாகக் கொண்டுவர வேண்டும். ஒட்டிக்கொண்டால் மணிக்கட்டைச் சட்டென்று திருப்பினால் விடுபடும். இல்லையேல் ஹோல்டரை அமுக்கி ராடை விட்டுவிடுங்கள். அந்த நேரத்தில் ஷீல்டைத் தூக்கிப் பார்க்க வேண்டாம். விடுபடும் நொடியில்தான் வெளிச்சம் அடிக்கும். உரசும் இடம் எப்போதும் பற்று போகப்போகிற பாதைக்குள்ளேயே இருக்கட்டும். பாதைக்கு வெளியே உரசிய தழும்பு, பிறகு விரிசல் தொடங்கும் இடமாகலாம்.

குழம்பைப் பார்த்தல்

ஒளி எரியும் இடத்துக்கு அரை அங்குலம் பின்னால் கண்ணைக் கொண்டுபோங்கள். அங்கே இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று உருகிய இரும்பு: நெய் உருகி நிற்பதுபோல வழவழப்பாக, விளிம்பு தெளிவாக, அமைதியாகக் கிடக்கும். மற்றொன்று கசடு: அதன்மேல் ஆடைபோல நெளிந்துகொண்டு, பின்பக்கமாக ஒதுங்கிப் படியும். முதல் சில நாட்களில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். புதியவர் கசடு நிறைவதைப் பார்த்து இடைவெளி நிறைந்துவிட்டது என்று எண்ணி நகர்ந்துவிடுகிறார். தட்டிய பிறகுதான் அடியில் இரும்பே இல்லை என்று தெரிகிறது. புழு ஊர்ந்த தடத்தின் கதை அதுதான். இரண்டையும் பிரித்தறிய ஒரு பயிற்சி உண்டு. ஒரே இடத்தில் ராடை நிறுத்தி, குழம்பு ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு விரியும்வரை பார்த்துக்கொண்டே இருங்கள். பிறகு அணைத்துவிட்டு ஆறவிட்டு, கசடைத் தட்டி, கண் கண்டதும் கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று ஒப்பிடுங்கள். பத்துப் பதினைந்து புள்ளிகள் இப்படிப் போட்டால் கண் பழகிவிடும். ஆறிய கசடு தானாகவும் வெடித்துத் தெறிக்கும் என்பதால், தட்டும்போது வெள்ளைக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும்.

குழம்பு தெரியத் தொடங்கியபின் கோடு இழுக்கலாம். வலக்கைப் பழக்கம் உள்ளவர் இடமிருந்து வலமாகச் செல்வது எளிது. ஹோல்டர் பக்கம் போகும் திசையில் 10 முதல் 20 டிகிரி சாய்ந்திருக்க, நுனி பின்னால் உள்ள குழம்பைப் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சாய்வுதான் கசடைப் பின்னுக்குத் தள்ளி வைக்கிறது. நுனிக்கும் இரும்புக்கும் உள்ள இடைவெளி ராடின் கம்பி தடிமனைத் தாண்டக் கூடாது. ராடு எரிய எரியக் குட்டையாகிக்கொண்டே போவதால், கை பக்கவாட்டில் மட்டுமன்றிக் கீழ்நோக்கியும் ஒரே சீராக இறங்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: கை நகர்கிறது, இறங்குவதில்லை, இடைவெளி கூடுகிறது, சத்தம் கரகரக்கிறது, சுற்றிலும் பொறி தெறித்து ஒட்டுகிறது. எண்ணெய்ச் சட்டியில் வடை வேகும்போது வரும் சீரான சத்தம் கேட்டால் இடைவெளி சரி.

வேகத்துக்கும் குழம்பே அளவுகோல். அதன் அகலம் கம்பி தடிமனைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு இருக்கும்படி நகருங்கள். அகலம் கூடினால் நீங்கள் தாமதிக்கிறீர்கள். ஒடுங்கிக் கூர்மையானால் ஓடுகிறீர்கள். தொடக்கத்தில் ராடை இடம் வலமாக ஆட்ட வேண்டாம். ஆட்டம் பார்க்க அழகாக இருக்கிறது என்று பலரும் முதல் நாளே அதில் இறங்குகிறார்கள். நேர்கோடு வராத கைக்கு ஆட்டம் தவறுகளை மறைக்கும் திரையாகிவிடுகிறது.

கசடைத் தட்டிய பிறகு பற்றைப் படியுங்கள். பற்று இரும்பின்மேல் கயிறு படுத்ததுபோல உருண்டு நின்று, கசடு விடாப்பிடியாக ஒட்டியிருந்தால் ஆம்பியர் குறைவு. பற்றின் இரு கரையிலும் நகத்தால் கீறியதுபோலப் பள்ளம் விழுந்து, ராடும் பாதியிலேயே சிவந்துபோயிருந்தால் ஆம்பியர் அதிகம். சரியாக இருந்தால் பற்றின் கரை இரும்போடு சமமாகக் கலந்து, அலைவரிகள் நெருக்கமாக இருக்கும். கசடு ஒரே தட்டலில் பட்டையாகக் கழன்றுவிடும். ஒவ்வொரு முறையும் 5 ஆம்பியர் மட்டும் மாற்றி, பிளேட்டிலேயே சாக்பீஸால் எண்ணை எழுதி வையுங்கள். உங்கள் மெஷினும் உங்கள் ஊர் வோல்டேஜும் சேர்ந்து தரும் உண்மையான அளவு அந்தப் பிளேட்டில்தான் இருக்கும். பிளேட் சூடேறிவிட்டால் எண் பொய் சொல்லும்; ஆகவே இரண்டு பிளேட்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள்.

ராடு தீர்ந்த இடத்தில் ஒரு குழி நிற்கும். அணைப்பதற்கு முன் சிறிது பின்னோக்கி வந்து நின்றால் அது நிறையும். அடுத்த ராடில் தொடரும்போது, குழியின் கசடை நீக்கி, அதற்கு ஒரு விரற்கடை முன்னால் ஆர்க் பிடித்து, குழிக்குத் திரும்பி, அது நிறைவதைப் பார்த்த பிறகே முன்னேற வேண்டும்.

ஆடிக் காற்று

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வீசும் காற்று உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நம் ஆர்க்கையும் கலைக்கிறது. ராடு வெல்டிங் மற்ற முறைகளைவிடக் காற்றைத் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் பலத்த காற்று காப்பு வாயுவை அடித்துச் சென்றால் பற்றில் ஊசித் துளைகள் விழும். ஒரு ஆடி மாதத்தில் திறந்தவெளியில் தண்ணீர்த் தொட்டிக்கு நான் போட்ட பற்று, பார்வைக்கு நன்றாக இருந்தும், நீர் நிரப்பியவுடன் ஒன்பது இடங்களில் கசிந்தது. முழுவதையும் அரைத்தெடுத்துத் திரும்பப் போட வேண்டியிருந்தது. ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்தியிருந்தால் அந்த இரண்டு நாள் வேலை மிச்சமாகியிருக்கும்.

மூலை இணைப்பு

ஒரு பிளேட்டின்மேல் இன்னொன்றை நிறுத்தி மூலையில் பற்று வைப்பதுதான் அன்றாட வேலையில் பெரும்பகுதி. ராடு இரண்டு பிளேட்டுக்கும் நடுவே 45 டிகிரியில் இருக்க வேண்டும். ஒன்று தடிமன் அதிகமானால் நுனி அதன் பக்கம் சற்றுக் கூடுதலாகப் பார்க்கட்டும். மூலையில் வெப்பம் இரு பக்கமும் பிரிந்து போவதால் தட்டையான பிளேட்டுக்கு வைத்ததைவிட 5 முதல் 10 ஆம்பியர் கூட்ட வேண்டியிருக்கும். கூட்டாவிட்டால் கசடு குழம்பை முந்திக்கொண்டு மூலைக்குள் புகுந்துவிடும். அதன்மேல் இரும்பு படிந்தால் வெளியே அழகும் உள்ளே கறுப்புக் கோடும் மிஞ்சும். கசடு முந்துவதைக் கண்டால் இடைவெளியைக் குறைத்து, சாய்வைச் சற்றுக் கூட்டி, குழம்பு மூலையின் ஆழத்தைத் தொடுவதைப் பார்த்துக்கொண்டு நகருங்கள்.

இறுதிப் பற்றுக்கு முன்பு, துண்டுகள் நகராமல் பிடித்து நிறுத்தும் சிறு புள்ளிப் பற்றான டாக் வைக்க வேண்டும். ஆறும் பற்று சுருங்கி இரும்பைத் தன் பக்கம் இழுக்கும். கேட் சட்டமானால் நான்கு மூலையிலும் டாக் வைத்து, மூலை மட்டத்தால் பார்த்து, இரண்டு மூலைவிட்டங்களையும் டேப்பால் அளந்து, சமமாக இருந்தால் மட்டுமே எதிரெதிர் மூலைகளாக மாற்றி மாற்றிப் பற்று வைக்க வேண்டும்.

மெல்லிய டியூப்

கேட்டுக்கு வாங்கும் ஸ்கொயர் டியூப் பெரும்பாலும் 16 அல்லது 18 கேஜ், அதாவது 1.6 அல்லது 1.2 மி.மீ. தடிமன். இதற்கு 2.5 மி.மீ. ராடைக் கீழ் எல்லையான 60 ஆம்பியர் அருகிலோ, 2 மி.மீ. ராடை 40 முதல் 55-க்குள்ளோ வைத்து, டிசியானால் மைனஸில் மாட்டி, அரை அங்குலம் பற்று வைத்து நிறுத்தி, சிவப்பு மங்கியபின் அடுத்ததை வைக்கலாம். இடைவெளி இல்லாமல் டியூப்பை வெட்டிப் பொருத்துவதே இதில் பாதி வேலை. நகம் நுழையும் இடைவெளி இருந்தாலும் ஓட்டை விழும். நிற்கும் டியூப்பில் மேலிருந்து கீழாக இறக்கினால் வெப்பம் குறைவாகச் சேரும். அதே இறக்கத்தைத் தடித்த ஆங்கிளிலோ சேனலிலோ செய்தால் பற்று மேலோடு நிற்கும். அங்கே கீழிருந்து மேலாகவே ஏற்ற வேண்டும்.

கோவைப் பம்புகளின் வார்ப்பிரும்பு உடலையும், லாரியின் பட்டைச் சுருளையும் (லீஃப் ஸ்பிரிங்) 6013 ராடால் ஒட்டவைக்க முயல வேண்டாம். முன்னதற்கு நிக்கல் ராடு தேவை; பின்னதை ஒட்டவைக்காமல் மாற்றிவிடுவதே சரி. தெரியாமல் தொட்டால் பற்றுக்குப் பக்கத்தில் வெடிக்கும்.

உடைத்துப் பார்த்தல்

50 மி.மீ. அகலமும் 6 மி.மீ. தடிமனும் உள்ள பிளாட்டில் (பட்டை இரும்பில்) நூறு மி.மீ. நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றை நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் பற்று வையுங்கள். ஆறியபின் கீழ்த் துண்டை வைஸில் பிடித்து, நிற்கும் துண்டைப் பற்று இருக்கும் பக்கமாகச் சாயும்படி சம்மட்டியால் அடியுங்கள். அடி மூலை திறந்துகொள்ளும். பற்று உடையாமல் பிளாட் மடங்கிப் படுத்தால் நல்லது. உடைந்தால் இரு பாதியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூலை விளிம்பு கிரைண்டர் கோட்டோடு நேராக அப்படியே தெரிந்தால், குழம்பு ஆழத்தைத் தொடவே இல்லை: ஆம்பியரையோ கோணத்தையோ திருத்த வேண்டும். கறுப்புக் கோடு இருந்தால் கசடு முந்தியிருக்கிறது. ஊசித் துளைகள் இருந்தால் காற்று, ஈரம், துரு, நீண்ட ஆர்க் ஆகியவற்றில் ஒன்று காரணம். சாம்பல் நிறத்தில் மணிமணியாக, முழு நீளத்துக்கும் ஒரே சீராக உடைந்திருந்தால், அந்தத் துண்டின் மேல் ஆம்பியரை எழுதி மெஷின் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிட்டு, அடுத்த இரண்டு துண்டுகளை நிற்கும் நிலையில் வைத்து மீண்டும் தொடங்கலாம்.